வாப்பும்மா பூட்டாத பைப்



இந்தப் பக்கத்தில் வழமையாக நான் எழுதுவது குடும்பத்தாரோடும் அயலாரோடும் நடந்துகொள்ள வேண்டிய முறைகள் பற்றித்தான். இம்மாதம் ஒரு பைப்பைப் பற்றி எழுதப் போகின்றேன். குளியலறை பைப். மௌலவிக்கு எழுத வேறு விடயமே கிடைக்கவில்லையா என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். ஆனால் முழுவதையும் வாசித்துவிட்டுக் கேட்கட்டும்.

நாங்கள் குடியிருப்பது தெமட்டகொடையில் ஒரு பழைய வீட்டில். அதன் குளியலறையில் முன்பு இருந்தவர்கள் விட்டுச்சென்ற வார்ப்பிரும்புக் குளியல் தொட்டி ஒன்று இருக்கின்றது. நான்கு கால்கள், உள்ளே வெள்ளை எனாமல் பூச்சு. அதில் சாய்ந்து படுத்துக் குளித்தவர்கள் எந்தக் காலத்து மனிதர்களோ தெரியாது. எங்கள் வீட்டில் எவரும் அதற்குள் இறங்கியதில்லை. நீர்வெட்டு அறிவித்தல் வந்தால் அதை நிரப்பி வைப்போம். மற்ற நாட்களில் வாளிகளும் துவைக்கப் போட்ட உடுப்புகளும் அதற்குள் கிடக்கும். தொட்டியின் தலைமாட்டில், சுவரிலிருந்து நீண்டு நிற்கும் ஒரு பெரிய பித்தளை பைப். இந்தக் கதை அந்தப் பைப்பைப் பற்றியது.

சென்ற வருடம் வாப்பா வஃபாத்தானதும் உம்மா பேருவளையை விட்டு எங்களோடு வந்து இருக்கத் தொடங்கினார்கள். வயது எழுபத்தெட்டு. வொஷ் பேசின் முன்னால் நீண்ட நேரம் நிற்க அவர்களுக்கு இயலாது. ஆகவே தொட்டியின் ஓரமாக ஒரு ஸ்டூலைப் போட்டுக் கொடுத்தோம். அதில் அமர்ந்து, அந்தப் பைப்பைத் திறந்து முகம் கை கழுவி, கால்களை மட்டும் செம்பில் தண்ணீர் பிடித்துத் தரையில் கழுவி வுழூவை முடிப்பார்கள். வீட்டில் அந்தப் பைப்பை நாள் தவறாமல் பாவித்தவர் உம்மா ஒருவர்தான்.

பைப் சொட்டத் தொடங்கியது. அல்லது, அது சொட்டுவதை அப்போதுதான் நாங்கள் கவனித்தோம்.

"வாப்பா, வாப்பும்மா இண்டைக்கும் பைப்பப் பூட்டாம வந்திட்டாங்க" என்று மகள் வந்து சொல்வாள். மகன் போய் பலங்கொண்ட மட்டும் திருகிப் பூட்டிவிட்டு வருவான். சொட்டு நிற்கும். மறுநாள் சுபஹுக்கு உம்மா அதைத் திறக்கச் சிரமப்படுவார்கள். மூட்டு வாதம் கண்ட விரல்கள். ஒரு துணியைச் சுற்றிப் பிடித்து எப்படியோ திறப்பார்கள். பிறகு பூட்டுவார்கள். பிறகும் சொட்டும். மனைவி வாயால் எதுவும் சொல்லவில்லை. ஆனால் உம்மா வெளியே வந்ததும் உள்ளே போய்ப் பைப்பை ஒரு முறை இறுக்கிவிட்டு வருவதை வழக்கமாக்கிக்கொண்டாள். அது சொல்வதை விட மோசம் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. நானும் இரண்டொரு தடவை, "உம்மா, கொஞ்சம் பாத்துப் பூட்டுங்களேன்" என்று சொல்லியிருக்கின்றேன்.

"நான் பூட்டித்தான் மகன் வந்தேன்" என்பார்கள். அவ்வளவுதான்.

இதே நாட்களில் பாடசாலையில் ஆறாம் வகுப்புக்கு வுழூப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' அளவு நீரில் வுழூச் செய்தார்கள் என்பதைச் சொல்லும்போது பிள்ளைகள் நம்பமாட்டார்கள். ஆகவே ஒரு போத்தலில் அளந்து கொண்டுபோய்க் காட்டுவது என் வழக்கம். ஷாபிஈ மத்ஹபின் கணக்கில் அது சுமார் 700 மில்லிலீற்றர். நடுத்தர மனிதர் ஒருவரின் இரு கைகளும் சேர்த்து அள்ளும் அளவு என்றும் சொல்வார்கள். அன்றிரவு தூக்கம் வராமல் படுத்திருந்தபோது குளியலறையில் பைப் சொட்டும் ஓசை கேட்டது. போத்தல் நினைவுக்கு வந்தது. எழுந்து போய்த் தொட்டிக்குள் பைப்பின் கீழே ஒரு வாளியை வைத்தேன்.

இஷாவுக்குப் பின் எட்டு மணிக்கு யாரும் தொடாத பைப். மறுநாள் இரவும் அதே எட்டு மணிக்கு வாளியை வைத்து, அதிகாலை ஐந்து மணிக்கு அளந்து பார்த்தேன். ஒன்பது மணித்தியாலத்தில் ஏழு லீற்றர். பத்துப் பேருக்கு வுழூச் செய்யப் போதுமான நீர், மௌலவியின் வீட்டில், ஒரே இரவில். அதே வேகத்தில் சொட்டினால் நாளொன்றுக்குச் சுமார் 19 லீற்றர், மாதத்துக்கு 500 லீற்றருக்கு மேல். தண்ணீர் பில்லில் ஒரு யூனிட் என்பது 1000 லீற்றர். யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் கூடிக்கொண்டு போகும் முறை நம் நாட்டில் உள்ளது என்பதை பில் கட்டும் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரவில் ஓசை பெரிதாகக் கேட்பதற்கு வீடு அமைதியாக இருப்பது மட்டும் காரணமல்ல. ஊரெல்லாம் தண்ணீர் பாவனை குறைவதால் பெருங்குழாயில் அழுத்தம் கூடுகின்றது. சொட்டும் வேகமாகின்றது.

பைப் பாஸ் ஒருவரிடம் சொன்னேன். "நாளைக்கு வாறேன் மௌலவி" என்றார். மூன்று வாரமாகியும் அந்த 'நாளைக்கு' வரவில்லை. அவரைக் குறை சொல்லமாட்டேன். ஒரு வாஷருக்காகத் தன் நாட்கூலியை யார்தான் இழப்பார்?

அரபுக் கல்லூரியில் நாங்கள் ஓதிய பிக்ஹ் கிதாபுகளெல்லாம் தண்ணீரில்தான் ஆரம்பமாகும். எந்த நீர் சுத்தமானது, எது சுத்தப்படுத்தும், எவ்வளவு இருந்தால் அசுத்தம் பட்டாலும் கெடாது என்றெல்லாம் வருடக்கணக்கில் படித்தோம். அந்த நீர் வரும் குழாயின் தலையை எந்தப் பக்கம் திருப்பினால் கழரும் என்பதை எந்த உஸ்தாதும் சொல்லித் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்பது நம் தகுதிக்குக் குறைவு என்ற எண்ணம் உள்ளுக்குள் இருந்ததோ என்னவோ. வீட்டில் செருப்பைத் தைத்து, உடுப்புக்கு ஒட்டுப்போட்டுக்கொண்ட நபியவர்களைப் பற்றி மிம்பரில் மட்டும் நன்றாகப் பேசுவோம்.

பக்கத்து வீட்டில் ஒரு சிங்களப் பெரியவர் இருக்கின்றார். வாழ்நாள் முழுதும் நீர்க்குழாய் வேலை செய்தவர். பார்வை மங்கிவிட்டதால் இப்போது கருவிகளைத் தொடுவதில்லை. ஸ்பேனர் ஒன்றை இரவல் கேட்டுப் போனேன். "மௌலவி மஹத்தயா, ஸ்பேனர் எதற்கு?" என்று கேட்டார். சொன்னேன். சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்து தந்து, கையால் அபிநயம் பிடித்து எல்லாவற்றையும் விளக்கினார். அவர் சொன்னதையும், நான் செய்து பார்த்து விளங்கிக்கொண்டதையும் இங்கே எழுதுகின்றேன். எங்கள் சகோதரிகள் பலருக்கும் இது பயன்படும். இதற்குப் பெரிய உடற்பலம் தேவையில்லை.

பல சுற்றுகள் சுற்றித் திறக்கும் பழைய முறைப் பைப்பின் உள்ளே இருப்பது மிக எளிமையான ஒரு பொறி. பைப்பின் வயிற்றுக்குள் தண்ணீர் ஏறிவரும் ஒரு வட்டமான வாய் இருக்கின்றது. கைப்பிடியைச் சுற்றும்போது ஒரு தண்டு இறங்கி, அதன் நுனியிலுள்ள ரப்பர் வாஷரை அந்த வாயின்மேல் அமர்த்துகின்றது. தண்ணீர் நிற்கின்றது. வாஷர் தேய்ந்தால், அல்லது காய்ந்து இறுகினால், அல்லது வாயின் விளிம்பு பழுதுபட்டால், எப்படிப் பூட்டினாலும் ஒரு நூலளவு இடைவெளி மிஞ்சும். சொட்டு அதன் வழியாகத்தான் வருகின்றது. நாம் என்ன செய்கின்றோம்? இன்னும் இறுக்குகின்றோம். ரப்பர் நசுங்கி அன்றைக்கு மட்டும் நிற்கின்றது. ஆனால் பித்தளை விளிம்பு ரப்பருக்குள் பள்ளமாகப் பதிந்து, மறுநாள் முன்னைவிடக் கூடுதலாக இறுக்க வேண்டி வருகின்றது. என் மகனின் பலமும் மனைவியின் கவனமும் சேர்ந்து செய்துகொண்டிருந்த வேலை இதுதான்.

இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். பைப்பைப் பூட்டிய பின் மூக்கிலிருந்து சொட்டினால் குற்றம் வாஷரிலோ வாயிலோ. திறந்திருக்கும்போது கைப்பிடியின் அடியிலிருந்து கசிந்தால் வாஷரில் குற்றமில்லை. தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அங்கேயுள்ள சிறு நட்டைக் கால் சுற்று இறுக்கினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

முதலில் தண்ணீர் வரும் வால்வைப் பூட்ட வேண்டும். மீற்றருக்கு அருகிலோ மேல் தாங்கியின் கீழோ இருக்கும். பூட்டிய பிறகு பைப்பைத் திறந்து, தண்ணீர் முற்றாக நின்றதா என்று பாருங்கள். பழைய வால்வுகள் பூட்டியதுபோல் காட்டி ஏமாற்றும். நான் இதைச் செய்யாமல் ஆரம்பித்திருந்தால் குளியலறை குளமாகியிருக்கும். அடுத்து, தொட்டியின் வடிகால் ஓட்டையை ஒரு துணியால் அடைக்க வேண்டும். பெரியவர் இதை மூன்று முறை சொன்னார். ஏன் மூன்று முறை என்பது, கைப்பிடியின் சிறிய ஸ்க்ரூ என் விரலிலிருந்து நழுவித் தொட்டிக்குள் உருண்டபோது விளங்கியது.

கைப்பிடியின் உச்சியிலுள்ள சிறு மூடியை மெல்ல நெம்பி எடுத்தால் அந்த ஸ்க்ரூ தெரியும். அதைக் கழற்றிக் கைப்பிடியை எடுத்தால் பைப்பின் தலை, அறுகோண வடிவில் தெரியும். பைப்பைப் பாதியளவு திறந்த நிலையில் வைத்துக்கொண்டு, பளபளப்புக் கெடாதபடி துணியைச் சுற்றி, ஸ்பேனரால் இடப்பக்கமாகத் திருப்ப வேண்டும். இங்கேதான் அவசரம் ஆபத்தானது. ஒரு கையால் ஸ்பேனரைத் திருப்பும்போது மறுகையால் பைப்பின் உடலை அசையாமல் எதிர்ப்பக்கமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பைப்பின் தலைக்குப் பதிலாகச் சுவருக்குள்ளிருக்கும் குழாய் முறுக்கிக்கொள்ளும். அது உடைந்தால் சுவரையே உடைக்க வேண்டும். வாஷரோடு முடியவேண்டிய வேலை மேசன் பாஸில் போய் முடியும்.

தலை கழன்று வந்தது. நுனியில் குடை போன்ற ஒரு பித்தளைத் துண்டு, அதில் கறுத்துச் சுருங்கிய வாஷர். நடுவில் வட்டமாக ஆழமான பள்ளம். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சின்னப் பிள்ளையைப்போல் சந்தோஷப்பட்டேன். வாஷரை விட்டுவிட்டு வெறுங்கையோடு ஹார்ட்வெயார் கடைக்குப் போய் "பைப் வாஷர் ஒன்று" என்றேன். கொடுத்தார்கள். கொண்டுவந்து பார்த்தால் சிறியது. சாதாரண பைப்புகள் அரை அங்குலம். குளியல் தொட்டி பைப் முக்கால் அங்குலம். பழையதையும் எடுத்துக்கொண்டு மீண்டும் நடந்தேன். விலை, வழியில் குடித்த பிளேன் டீயை விடக் குறைவு.

புதிய வாஷரைப் பொருத்தி, தலையின் புரிகளைச் சுத்தம் செய்து, கழற்றிய ஒழுங்குக்கு எதிராக எல்லாவற்றையும் பூட்டினேன். வால்வைத் திறந்தேன். சொட்டு நின்றது. அல்ஹம்துலில்லாஹ் என்றேன், சற்றுச் சத்தமாகவே, வீட்டிலுள்ள அனைவருக்கும் கேட்கும்படி.

நான்காம் நாள் இரவு மீண்டும் அதே ஓசை.

இனி எழுதப்போவதை எழுதத்தான் இத்தனையும் எழுதினேன். நான் நேரே உம்மாவின் அறைக்குப் போனேன். "உம்மா, புது வாஷர் போட்டிருக்கேன். இனி லேசாப் பூட்டினாலே போதும். அதையாவது செய்யுங்களேன்" என்றேன். குரலில் மரியாதை இருந்தது என்றுதான் அப்போது நினைத்தேன். உம்மா தஸ்பீஹைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் அமர்ந்திருந்தார்கள். கட்டிலின் கீழே ஒரு சிறு பேசினும், தண்ணீர் நிறைத்த செம்பும்.

"நான் அந்தப் பைப்பத் தொட்டு ஒரு மாசம் இருக்கும் மகன்" என்றார்கள்.

பிள்ளைகள் சொல்லிக்காட்டுவதால், குசினியிலிருந்து செம்பில் தண்ணீர் எடுத்துவந்து, கட்டிலோரம் பேசினை வைத்து ஐவேளையும் அங்கேயே வுழூச் செய்து வந்திருக்கின்றார்கள். பேசின் தண்ணீரை ஜன்னல் வழியாக ரோசா மரத்துக்கு ஊற்றியிருக்கின்றார்கள். அந்த ஒரு மாதமும் பைப் சொட்டிய ஒவ்வொரு நாளும் மகள் வந்து முறையிட்டாள். நானும் கேட்டேன். ஒருவராவது போய்ப் பார்க்கவில்லை. வாளியை வைத்து லீற்றர் கணக்கு அளக்கத் தெரிந்த நான், என் உம்மா எங்கே வுழூச் செய்கின்றார்கள் என்று பார்க்கவில்லை.

டோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன். தொட்டிக்குள் குனிந்து பார்த்தபோதுதான் அது தெரிந்தது. பைப்பின் மூக்குக்கு நேர் கீழே எனாமல் தேய்ந்து, வடிகால் வரை விரலகலத்தில் பழுப்பு நிறத் துருக்கோடு. அந்தக் கோட்டை ஒவ்வொரு நாளும் பார்த்திருக்கின்றேன். வார்ப்பிரும்பின் மேலுள்ள எனாமலைச் சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீர் அரித்துத் துருவை வெளியே காட்ட ஒரு மாதம் போதாது, ஒரு வருடமும் போதாது. உம்மா இந்த வீட்டுக்குள் கால் வைப்பதற்கு எத்தனையோ வருடங்களுக்கு முன்பே அந்தப் பைப் சொட்டிக்கொண்டுதான் இருந்திருக்கின்றது. சாட்சி தொட்டிக்குள்ளேயே இருந்தது. காழி கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்பளித்திருந்தார்.

மறுநாள் பெரியவரிடம் மீண்டும் போனேன். "வாயைத் தடவிப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. திரும்ப வந்து தலையைக் கழற்றி, சுண்டு விரலை உள்ளே விட்டுத் தடவினேன். மோதிரத்தைப்போல் வழுவழுப்பாக இருக்க வேண்டிய விளிம்பில் ஓரிடத்தில் நகம் இடறியது. ஒரு வெட்டு. வருடக்கணக்காக அழுத்தத்தோடு கசிந்த மெல்லிய நீர்க்கீற்று பித்தளையை அறுத்திருக்கின்றது. இப்படியான வாயின்மேல் எத்தனை புது வாஷர் போட்டாலும் சில நாட்கள்தான் தாங்கும், வெட்டின் கூர் ரப்பரைத் தின்றுவிடும். இதற்கென்று வாயைத் தேய்த்துச் சமப்படுத்தும் ஒரு கருவி இருக்கின்றது. பெரியவரின் பெட்டியில் அதுவும் இருந்தது. தலை இருந்த இடத்தில் அதைப் பொருத்தி, மெதுவாக அழுத்தி மூன்று நான்கு சுற்றுச் சுற்றினால் போதும். கூட்டிச் சுற்றினால் வாயே தேய்ந்துபோகும். பிறகு வால்வைச் சற்றே திறந்து, பித்தளைத் தூளைக் கழுவி வெளியேற்ற வேண்டும். ஒரு தூள் மிஞ்சினாலும் புதிய வாஷரில் குத்தி நிற்கும். இந்தக் கருவியை இரவலாகப் பெற முடியாதவர்கள் தலையைக் கழற்றி வாயைத் தடவிப் பார்த்துவிட்டு, வெட்டு இருந்தால் பாஸை அழைப்பதோ பைப்பையே மாற்றுவதோ நல்லது. குறைந்தபட்சம், குற்றம் எங்கே என்று அவரிடம் சொல்ல உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

புதிய வீடுகளில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கால் சுற்றில் திறந்து மூடும் பைப்புகளில் பெரும்பாலும் இந்த ரப்பர் வாஷர் கிடையாது. ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் இரண்டு செரமிக் தட்டுகள் உள்ளே இருக்கும். மணலோ துருவோ புகுந்து தட்டில் கீறல் விழுந்தால் உள்ளேயுள்ள பொறியை முழுதாக மாற்ற வேண்டும். சுடுநீருக்கும் குளிர்நீருக்கும் திரும்பும் திசை மாறுவதுண்டு, ஆகவே பழையதைக் கடைக்குக் கொண்டுபோகாமல் வாங்காதீர்கள். சுடுநீரும் குளிர்நீரும் ஒரே மூக்கால் வரும் தொட்டிகளில் எந்தப் பக்கம் பழுது என்பதை, இரண்டு வால்வுகளையும் ஒவ்வொன்றாகப் பூட்டிப் பார்த்தால் கண்டுபிடிக்கலாம். சில இடங்களில் பொறி டைலுக்குள் ஆழமாகப் புதைந்திருக்கும். அதைச் சாதாரண ஸ்பேனரால் நெம்பப் போகாமல், குழாய் வடிவ நீண்ட ஸ்பேனரைத் தேடிக்கொள்ளுங்கள். இன்னொன்று, எந்த வாஷரிலும் இயந்திர எண்ணெய் படவிடாதீர்கள். ரப்பர் ஊதிப்போகும்.

வேலை முடிந்த அன்று இராச் சாப்பாட்டின்போது, பிள்ளைகளின் முன்னால் உம்மாவிடம் சொன்னேன். வாயிலுள்ள வெட்டைப் பற்றி, துருக்கோட்டைப் பற்றி, அது எத்தனை வருடப் பழசு என்பது பற்றி. நாங்கள் சொன்னது பிழை, மாப்புக் கொடுங்கள் என்றேன். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். மனைவி எழுந்து போய் உம்மாவின் பக்கத்தில் அமர்ந்தாள்.

"அதுக்கென்ன மகன்" என்றார்கள் உம்மா. சற்று நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்துவிட்டு, "எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்திட்டு. பூட்டினதா நெனச்சிக்கிட்டு பூட்டாமலேதான் வாறேனோ, அறளை பேந்திட்டோ எண்டு. வுழூச் செஞ்சேனா, எத்தன ரக்அத் தொழுதேன் எண்டும் அப்புறம் நம்பிக்கையில்லாமப் பெய்த்து. ரெண்டு ரெண்டு தரம் தொழுதேன்" என்றார்கள்.

எங்களில் யாருக்கும் பேச வாய் வரவில்லை.

இப்போது அந்தப் பைப் இரண்டு விரலால் திறந்து, இரண்டு விரலால் பூட்டும் நிலையில் இருக்கின்றது. பிள்ளைகள் அதை இறுக்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். துருக்கோடு போகவில்லை, தேய்த்துப் பார்த்தேன், எனாமல் போன இடம் போனதுதான். ஆனாலும் உம்மா முதல் சில நாட்கள் குளியலறைப் பக்கம் வரவில்லை. கட்டிலோரம்தான் வுழூ. நானும் வற்புறுத்தவில்லை. ஸ்டூலைக் கழுவி, பழைய இடத்திலேயே வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை பாடசாலைக்குப் புறப்படும்போது குசினியில் தண்ணீர் குடிக்கப் போனேன். செம்பு அதன் பழைய தட்டில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.